மாயாவியின் கை மட்டும் ஏன் மறையவில்லை?

மதுரையில் அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். முன்னால் ஒரு மேசை, பின்னால் வார்னிஷ் வாசனை, நடுவில் குடல் உருவிய ஆடு மாதிரி கிடக்கும் பம்புசெட் மோட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் போவேன். அப்போது ஏழாம் வகுப்பு. கையில் எப்போதும் ஒரு காமிக்ஸ் இருக்கும். புதுசெல்லாம் இல்லை. பழைய புத்தகக் கடையில் பொறுக்கியது, அட்டை போனது, வில்லனுக்கும் கதாநாயகனுக்கும் பாரபட்சம் பார்க்காமல் யாரோ பேனாவால் மீசை வரைந்து வைத்தது.

அன்றைக்குக் கையில் இருந்தது இரும்புக்கை மாயாவி. அப்பாவிடம் வேலை பார்த்த பாண்டி அண்ணன் ஸ்டேட்டருக்குள் காயிலைச் சொருகிக்கொண்டே கேட்டார்: “என்னடா தம்பி, இப்பிடி முழுங்குற? என்ன கதை?”

சொன்னேன். லூயி கிராண்டல்னு ஒரு ஆள். வலது கை போய், இரும்புக் கை மாட்டியிருக்கான். கரண்டுல அந்தக் கையை வச்சா உடம்பு மறைஞ்சிரும். இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியும்.

காயில் சொருகுவது நின்றது.

“எங்க வப்பான் கையை?”

“பிளக்குலண்ணே.”

“ஒரு ஓட்டையிலயா, ரெண்டு ஓட்டையிலயா?”

அந்தக் கட்டத்தை மறுபடி பார்த்தேன். விரல் சுவரை நோக்கி நீண்டிருந்தது. சுற்றிலும் மின்னல் கோடுகள் தெறித்தன. ஓட்டைக் கணக்கு மட்டும் தெரியவில்லை.

பாண்டி அண்ணன் எழுந்து சீரிஸ் லாம்ப்பை எடுத்து வந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதை நடுவில் விட்டு மெயினிலிருந்து இழுத்த இரண்டு ஒயர், முனைகள் திறந்திருக்கும். காயில் அறுந்திருக்கிறதா என்று பார்க்க எல்லா ரீவைண்டிங் கடையிலும் இருக்கும். ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரில் ஒரு ஸ்பானரைக் கவ்வி, அதை இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“இந்தா, இதுதான் உன் மாயாவி கை. ரெண்டு ஓட்டையிலயும் வச்சா கரண்டு இங்கிட்டு வந்து அங்கிட்டுப் போயிருது. இரும்பு வழியாவே முடிஞ்சு போச்சு. உடம்புக்கு எங்கடா வந்துச்சு? பல்பு இல்லாம நேரா வச்சான்னா ஃபியூஸ் போகும், அம்புட்டுத்தான்.” ஸ்பானரை ஒரு முனைக்கு நகர்த்தினார். பல்பு அணைந்தது. “ஒரு ஓட்டையில மட்டும் வச்சா தரைக்கு வழி வேணும். உன் ஆளு பூட்ஸ் போட்ருக்கானா இல்லையா?”

பூட்ஸ் போட்டிருந்தார். பளபளவென்று.

எனக்கு அழுகை வராத குறை. “அவ்வளவு பேசுறீல்ல, உடம்பு மறையும்போது கை மட்டும் ஏன் மறையலைன்னு சொல்லுங்க பாப்போம்” என்று கத்தினேன். பாண்டி அண்ணன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். “நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்றேன்” என்றார்.

இது நடந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அறிபுனை, அதாவது சயின்ஸ் ஃபிக்ஷன் ரசிகர்கள், காமிக்ஸ் ரசிகர்கள் கூடுகிற எத்தனையோ இடங்களில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். எல்லாப் பேச்சும் கடைசியில் அந்த ஓட்டைக் கணக்கில்தான் வந்து நிற்கும். ஒரு ஓட்டையா, ரெண்டு ஓட்டையா?

மாயாவி நம் ஊர்க்காரர் இல்லை. 1962 அக்டோபரில் பிரிட்டனில் தொடங்கிய ‘வேலியன்ட்’ வார இதழில் முதல் இதழிலிருந்தே வந்தவர். எழுதத் தொடங்கியவர் கென் புல்மர் என்ற அறிபுனை எழுத்தாளர். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. பிறந்த ஊரில் அவரை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். இங்கே ஐம்பது வயதுக்காரர்கள் இன்றும் ‘மாயாவி’ என்றால் கண் விரிகிறார்கள்.

சரி, விஞ்ஞானத்துக்கு வருவோம். மின்சாரம் பாய்ந்தால் மனிதன் மறைய மாட்டான். இது ரசிகனுக்குத் தெரியாதா? தெரியும். அதை அவன் பொருட்படுத்துவதே இல்லை. கதை சொல்ல வருகிறவருக்கு ஒரு பொய்யை இலவசமாகக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். கரண்டு பட்டால் மறைவான், ஒத்துக்கொண்டாயிற்று. ஆனால் அந்த ஒரு பொய்யைத் தாண்டி மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். கரண்டு கரண்டாக நடந்துகொள்ள வேண்டும். பாண்டி அண்ணன் மறைவதைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்டது சர்க்யூட்டை.

இன்றைக்கு அதே கதையை எழுதினால் இன்னொரு தொல்லையும் உண்டு. இப்போது வீடுகளில் மாட்டுகிற ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே லைனை அறுத்துவிடும். அதற்கு மேல் போனால் இதயம் தாளம் தப்பும் என்பதால் வைத்த கணக்கு. பாவம் மாயாவி. விரலை வைப்பார், டப்பென்று டிரிப் ஆகும், வீடே இருட்டாகிவிடும். ஒருவகையில் அதுவும் மறைவதுதான்.

அப்புறம் கண். மறைந்த மனிதன் குருடனாகத்தான் இருக்க முடியும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தது ரஷ்யக்காரர் யாகோவ் பெரல்மேன். சோவியத் புத்தகங்கள் கொள்ளை மலிவாகக் கிடைத்த காலம் அது. விழித்திரை ஒளியை உறிஞ்சினால்தான் பார்வை. உடம்பு முழுக்க ஒளி தடையில்லாமல் ஊடுருவிப் போகிறது என்றால் விழித்திரையிலும் எதுவும் தங்காது. எதிரி உன்னைப் பார்க்க மாட்டான், நீயும் எதிரியைப் பார்க்க மாட்டாய். பெரல்மேன் இதை எச்.ஜி. வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றிப் பேசும்போது எழுதினார். வேடிக்கை என்னவென்றால் வெல்ஸ் 1897-லேயே உஷாராக இருந்திருக்கிறார். அவருடைய கிரிஃபின் கண்ணாடி முன் நின்று பார்க்கும்போது, விழித்திரைக்குப் பின்னால் மூடுபனியை விட மெலிதாகக் கொஞ்சம் நிறமி மட்டும் மிஞ்சியிருக்கும். ஒரே ஒரு வரி. படிக்கிறவன் எங்கே வந்து மடக்குவான் என்பது தெரிந்து, முன்கூட்டியே கட்டி வைத்த வரப்பு அது.

இப்படி வரப்புக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் லாரி நிவென். 1970-ல் ‘ரிங்வேர்ல்ட்’ நாவலை எழுதினார். சூரியன் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வளையல் மாட்டியது போல ஒரு உலகம். ஆரம் ஏறக்குறைய பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். அகலம் சுமார் 16 லட்சம் கிலோமீட்டர். வளையத்தின் உள்பக்கத்தில் மனிதர்கள் நடமாடுகிறார்கள். கால் தரையில் நிற்பதற்காக வளையம் நொடிக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த வேகத்தில் அந்த ஆரத்துக்குப் பூமியின் ஈர்ப்பு அளவே வரும். நிவென் சும்மா எழுதவில்லை.

அடுத்த வருஷம் பாஸ்டனில் உலக அறிபுனை மாநாடு. பக்கத்திலேயே எம்.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். அங்கிருந்து வந்த மாணவர்கள் ஹோட்டல் தாழ்வாரங்களில் “ரிங்வேர்ல்ட் நிலையற்றது! ரிங்வேர்ல்ட் நிலையற்றது!” என்று கோஷம் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நம் ஊரில் கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுவதற்குச் சமமான மரியாதை என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த வளையத்தைத் தூக்கிக் காகிதத்தில் போட்டு, விசைகளைப் பிரித்துக் கூட்டி, ராத்திரி கண் விழித்தவர்கள் அவர்கள்.

சொன்னது சரிதான். கிரகம் ஒன்று சூரியனைச் சுற்றும்போது யாராவது லேசாகத் தள்ளினாலும் பாதை கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். முழு வளையத்தின் கதை வேறு. நடுவில் சூரியன் கச்சிதமாக இருக்கும்வரை எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும். ஒரு விண்கல் இடித்து வளையம் ஒரு பக்கமாக நகர்ந்ததென்று வையுங்கள். ஒரு விளிம்பு சூரியனுக்குக் கிட்ட வரும். கிட்ட வந்த விளிம்பை இழுப்பு கூடுதலாகப் பிடிக்கும். அதனால் இன்னும் கிட்ட வரும். கடைசியில் போய் மோத வேண்டியதுதான். சனியின் வளையங்கள் ஒரே கெட்டித் தகடாக இருக்க முடியாது என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1859-ல் வெளியிட்ட கட்டுரையில் சொன்னதும் இதே வழிதான்.

நிவென் கோபித்துக்கொள்ளவில்லை. 1980-ல் இரண்டாம் பாகம் எழுதி, வளையத்தின் ஓரச் சுவரில் அதை நிலைப்படுத்தும் ராக்கெட்டுகளைப் பொருத்தினார். அதோடு விடவில்லை, அந்த ராக்கெட்டுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதையே கதையின் முடிச்சாக்கிவிட்டார். குற்றம் கண்டுபிடித்தவர்களின் குற்றச்சாட்டை வைத்தே ஒரு நாவல்! முதல் பாகத்தின் முதல் பதிப்பில் இன்னொரு கூத்தும் உண்டு. நாயகன் தன் பிறந்தநாள் இரவை நீட்டிக்க ஊர் ஊராகத் தாவுகிறான், ஆனால் தப்பான திசையில். பூமி எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதில் நிவென் சறுக்கியிருந்தார். அடுத்த பதிப்பில் திருத்திவிட்டார்கள். தப்பான பதிப்பைத்தான் இன்றைக்குச் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். வளையத்தைக் கணக்கில் பிடித்துவிட்டு உள்ளூர் சூரியோதயத்தில் கோட்டை விட்டார் மனிதர்.

காமிக்ஸ் பக்கம் இந்த விளையாட்டுக்குப் பரிசே கொடுத்தார்கள். 1960-களில் மார்வல் ஆசிரியர் ஸ்டான் லீ, பிழை கண்டுபிடித்து எழுதுகிறவர்களுக்கு ‘நோ-பிரைஸ்’ என்று ஒன்றை அறிவித்தார். தபாலில் ஒரு உறை வரும். இந்த உறைக்குள் நீங்கள் வென்ற அசல் நோ-பிரைஸ் இருக்கிறது என்று மேலே அச்சடித்திருக்கும். பிரித்தால் காலி. போகப் போக விதி கடுமையானது: பிழையைச் சுட்டினால் மட்டும் போதாது, அது ஏன் பிழையில்லை என்று நீயே ஒரு விளக்கமும் சொல்ல வேண்டும். இந்த விதிக்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம். ஓட்டையைக் காட்டுவது யாராலும் முடியும். அடைக்கிறவனுக்குத்தான் காலி உறை.

அடைக்கவே முடியாத ஓட்டையும் உண்டு. 1973-ல் ஸ்பைடர்மேனின் 121-ஆவது இதழில் அவனுடைய காதலி க்வென் ஸ்டேசி பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடப்படுகிறாள். அவன் வலையை வீசிப் பிடித்துவிடுகிறான். மேலே இழுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. வலை அவள் காலைப் பிடித்த அந்தக் கட்டத்தில், கழுத்துப் பக்கத்தில், மிகச் சின்ன எழுத்தில் ஒரு ஓசை: ‘ஸ்னாப்’. வாசகர்கள் கொதித்துப் போனார்கள். விழுந்ததில் செத்தாளா, பிடித்ததில் செத்தாளா? சட்டென்று நிறுத்தியதால் கழுத்து முறிந்தது என்று ஆசிரியர் குழு பின்னொரு இதழின் கடிதப் பகுதியில் பதில் சொன்னது. ஆத்திரம் அதனால் இன்னும் கூடியது.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் கக்காலியோஸ் இந்தச் சாவை வகுப்பிலேயே பாடமாக நடத்தினார், 2005-ல் புத்தகமாகவும் எழுதினார். கணக்கு நம் பிளஸ் ஒன் கணக்குத்தான். 90 மீட்டர் விழுந்தால் வேகம் நொடிக்கு 42 மீட்டர், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர். அதை அரை நொடியில் நிறுத்தினால் உடம்பின் மேல் புவியீர்ப்பைப் போல எட்டு ஒன்பது மடங்கு வேகத்தளர்ச்சி. தலையைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் காலில் பிடித்துத் தொங்கவிட்டால் கழுத்து என்ன ஆகும்? வலை கொஞ்சம் ரப்பர் மாதிரி நீண்டு, நிறுத்துகிற நேரத்தை மூன்று நொடி ஆக்கியிருந்தால் பிழைத்திருப்பாள். காரில் ஏர்பேக் வைத்திருப்பதும் அந்த நேரத்தை நீட்டத்தான். நான் உந்தத்தைப் படித்தது பள்ளிப் புத்தகத்தில்தான், ஆனால் அது உறைத்தது இந்தக் கட்டத்தில். இரண்டாவது பொய் சொல்லாமல், கரண்டு கரண்டாக நடந்துகொண்ட கதை இது. அதனால்தான் ஐம்பது வருஷமாக வலிக்கிறது.

விளையாட்டுக்கு நானும் ஒன்று போட்டுப் பார்த்தேன். மின்னல் வேகத்தில் ஓடுகிற காமிக்ஸ் நாயகன் ஃப்ளாஷ், ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு 3,000 கிலோமீட்டர் ஓடுகிறான் என்று வைப்போம். எடை 70 கிலோ. அந்த வேகத்தை எட்ட எவ்வளவு ஆற்றல் வேண்டும்? இட்லிக்கு 50 கலோரி என்றால் சுமார் 150 கோடி இட்லி. சட்னி தனி. நண்பர்களுக்கு அனுப்பினேன். ஒருவர்கூட அது நடக்காது என்று சொல்லவில்லை. அவன் நின்றதும் அந்த ஆற்றல் எங்கே போகும், ரோடு உருகாதா என்று கேட்டார்கள். ஒருவர் இட்லி அளவு எந்த ஓட்டல் அளவு என்று கேட்டார்.

விஞ்ஞானம் பேசும் ரசிகர்களில் எனக்குப் பிடிக்காத சாதியும் உண்டு. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே “இதெல்லாம் சாத்தியமே இல்ல பாஸ்” என்கிறவர்கள். சாத்தியமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், டிக்கெட் வாங்கியதே அதற்குத்தான். இந்தப் பக்கம் கதைக்காரர்களிலும் ஒரு சாதி உண்டு. கேட்காத விளக்கத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். 1999-ல் ஸ்டார் வார்ஸ் படத்தில் அதுவரை மாயமாக இருந்த ‘ஃபோர்ஸ்’ சக்தியை ரத்தத்தில் இருக்கும் நுண்ணுயிரிகளின் எண்ணிக்கையோடு முடிச்சுப் போட்டார்களே, அது மாதிரி. ஜெடை வீரனை லேப் ரிப்போர்ட்டில் கண்டுபிடிப்பதா? இலவசமாகக் கொடுத்த பொய்க்கு ரசீது யார் கேட்டது?

‘தி மார்ஷியன்’ நாவலை எழுதிய ஆண்டி வியர் இந்த விஷயத்தில் நேர்மையானவர். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவனின் கதையை அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் போட்டார். படித்தவர்களில் வேதியியல் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பொறியாளர்கள் இருந்தார்கள். தப்பைச் சொன்னார்கள், அவரும் திருத்திக்கொண்டே போனார். ஒன்றை மட்டும் தெரிந்தே விட்டார்: கதையைத் தொடங்கிவைக்கும் புயல். செவ்வாயின் காற்று நம் காற்றில் அறுபதில் ஒரு பங்கு அடர்த்திதான் இருக்கும். அங்கே மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலும் இங்கே 20 கிலோமீட்டர் காற்று தள்ளுகிற அளவுக்குத்தான் தள்ளும். கொடியில் காயும் வேட்டி ஆடும். ராக்கெட் சாயாது. தெரிந்துதான் எழுதினேன் என்று அவரே பேட்டிகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். யாரும் அவரை வைது நான் கேட்டதில்லை. அவருக்குச் சேர வேண்டிய ஒரு பொய்யை அவர் எடுத்துக்கொண்டார், கணக்கு சரியாகிவிட்டது.

மறுநாள் நான் கடைக்குப் போனபோது பாண்டி அண்ணன் மூன்று ஹெச்.பி. மோட்டார் ஒன்றுக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, இங்க வா. ராத்திரி பூரா யோசிச்சேன். கரண்டு இரும்புல நிக்காதுடா, ஓடிரும். உடம்புல அப்பிடி இல்ல, தடை ஜாஸ்தி. நாம ஷாக் அடிச்சு ரொம்ப நேரம் கழிச்சும் கை கடுகடுன்னு இருக்குல்ல? எங்க கரண்டு தயங்கி நிக்குதோ அங்கதான் மறையும். கையில நிக்க மாட்டேங்குது, அதான் கை மறையல.”

எனக்கு வாய் பிளந்தது. இன்று யோசித்தால் அதில் இயற்பியல் என்று சொல்ல அரை வீசம்தான் தேறும். ஆனாலும் அன்றைக்கு அதைவிட நல்ல விடையை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

“அப்ப சட்டை, பேன்ட்டுண்ணே? அதுவும் மறையுதே?”

“பருத்தித் துணி. வேர்வையில நனஞ்சிருக்கும்.”

“பூட்ஸு?”

பிரஷ்ஷை டப்பாவில் போட்டார். என்னைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார்.

“நாளைக்குச் சொல்றேன். முதல்ல அந்தப் புக்க இங்க குடு, நான் ஒருக்கப் படிக்கணும்.”